ஜான் பாரிக்கு ஒரு கடிதம்: லண்டன் சமையலறையில் ஹங்கேரித் தந்தி வாத்தியம்

அன்புள்ள ஜான் பாரி அவர்களுக்கு,

நீங்கள் 2011 ஜனவரியிலேயே போய்விட்டீர்கள், இது உங்கள் கைக்கு வராது, தெரியும். ஆனால் பட்டாளத்தில் இருந்த காலத்தில் தபால் வழியில் இசையமைக்கப் படித்த ஆள் நீங்கள், அந்த உரிமையில் எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீங்கள் இசையமைத்த 'தி இப்கிரஸ் ஃபைல்' என்ற உளவுப் படத்தை நான்காவது தடவையாகப் பார்த்து முடித்தபோது யாரிடமாவது பேசியாக வேண்டும் போல இருந்தது, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

முதல் தடவை பார்த்தபோது ஏமாந்துதான் போனேன். தயாரிப்பு ஹாரி சால்ட்ஸ்மன், அரங்க அமைப்பு கென் ஆடம், எடிட்டிங் பீட்டர் ஹன்ட், இசை நீங்கள். ஜேம்ஸ் பாண்ட் படப் பட்டறையில் பாதிப் பேர் இங்கே இருக்கிறார்களே, சரி, இன்னொரு 'கோல்டுஃபிங்கர்' வரப்போகிறது, டிரம்பெட்டும் டிராம்போனும் காதைப் பிளக்கப் போகின்றன என்று ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். பெயர்கள் ஓடும் இடத்தில் பார்த்தால் ஒரு அலாரம் கடிகாரம் அடிக்கிறது. கதாநாயகன் மைக்கேல் கெய்ன் கண்ணாடி இல்லாமல் தட்டுத் தடுமாறி எழுந்திருக்கிறார், அவர் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது நமக்கும் மங்கல்தான். கண்ணாடி போடுகிறார், தெளிகிறது. காபிக்கொட்டை அரைக்கிறார், பேப்பரைப் புரட்டுகிறார். வேலைக்குக் கிளம்புகிற ஒரு சாதாரண ஆள். அதன் மேல் அவசரமே இல்லாமல் ஒரு தந்தி வாத்தியத்தின் ஒலி, தட்டித் தட்டி, ஒவ்வொரு சுரமும் கொஞ்ச நேரம் காற்றில் தொங்கிவிட்டுத்தான் இறங்குகிறது.

அது சிம்பலோம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. வாசித்தவர் ஜான் லீச். பெட்டி மேல் இழுத்துக் கட்டிய கம்பிகளை இரண்டு குச்சிகளால் தட்டி வாசிக்கிற ஹங்கேரி வாத்தியம், நம் சந்தூருக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம். 1870களில் புடாபெஸ்டில் ஷுண்டா என்பவர் அதற்குக் கால்களும் ஒலியை அடக்கும் மிதியும் பொருத்தி, கச்சேரி மேடைக்கு ஏற்ற வாத்தியமாக ஆக்கினார்.

'கோல்டுஃபிங்கர்' 1964, 'தண்டர்பால்' 1965 கடைசி. நடுவில் இது. பாண்டுக்கு நீங்கள் ஊதவைத்த பித்தளை முழுக்க ஒரு ஆளின் மார்தட்டல். இங்கே கெய்ன் நடிக்கும் உளவாளி ஹாரி பாமருக்கு அது ஒட்டவே ஒட்டாது. அவன் வேறு பிரிவுக்கு மாற்றப்படும்போது சம்பளம் கூடுமா என்று கேட்கிறவன், படிவம் நிரப்பியே அலுத்தவன், வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு ஆம்லெட் போட்டுக்கொடுக்கிறவன். நீங்கள் அவனுக்குக் கொடுத்த மெட்டின் பெயரே 'எ மேன் அலோன்'. தனி ஆள் என்பதை வயலின்களை அழவைத்துச் சொல்லாமல் விட்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு.

(படம் பார்க்காதவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

நான்காவது தடவையில்தான் எனக்கு உறைத்தது இது. பாமரைக் கடத்திக் கொண்டுபோய் அடைத்து, நீ இருப்பது அல்பேனியா என்று நம்பவைக்கிறார்கள். தப்பித்து வெளியே ஓடிவந்து பார்த்தால் லண்டன்! ஊரை விட்டே அவனைக் கொண்டுபோகவில்லை. இரும்புத்திரைக்கு அந்தப் பக்கத்து, அதாவது அன்றைய கம்யூனிஸ்ட் கிழக்கு ஐரோப்பாவின், வாத்தியத்தை முதல் காட்சியிலேயே லண்டன் சமையலறையில், காபி அரைக்கும் சத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த நீங்கள் அப்போதே சொல்லிவிட்டீர்களோ என்று தோன்றியது, ஆபத்து எல்லைக்கு அப்பால் இல்லை, ஆபீசுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று. நீங்கள் அப்படி யோசித்தே செய்தீர்கள் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. அந்த வாத்தியத்தின் ஒலி பிடித்துப்போய்கூட எடுத்திருக்கலாம். ஆனால் படம் முடிந்து திரும்ப முதல் காட்சியைப் போட்டால் அந்தத் தந்தி வேறு மாதிரி கேட்கிறது, அதற்கு என்ன செய்ய?

அப்புறம் இன்னொன்று. இந்தப் படத்தின் வில்லனே ஒரு ஒலிதான். இப்கிரஸ் என்று எழுதிய ஒலிநாடாத் துண்டு கிடைக்கிறது, போட்டுக் கேட்டால் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் ஒரு இரைச்சல். அந்த இரைச்சலை வைத்துத்தான் விஞ்ஞானிகளின் மூளையைக் கலைக்கிறார்கள். பாமரைக் கூண்டில் வைத்து அதை ஓடவிடும்போது அவன் உள்ளங்கையில் ஒரு ஆணியை அழுத்திக்கொண்டு, அந்த வலியைப் பிடித்துக்கொண்டுதான் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான். ஒலியால் ஒரு ஆளைக் காலி பண்ணலாம் என்று சொல்கிற படத்துக்கு இசையமைப்பது லேசான வேலை இல்லை, நீங்களும் கொஞ்சம் சத்தம் கூட்டியிருந்தால் வில்லன் பக்கம் சேர்ந்திருப்பீர்கள்.

குறை ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். படத்தின் நடுவில் அதே மெட்டு கொஞ்சம் அதிகமாகவே திரும்பி வருகிறது. கதவைத் திறந்தால், தெருவில் நடந்தால், உடனே அதுதான். மூன்றாவது தடவை பார்த்தபோது 'சரிப்பா, புரிகிறது' என்று வாய்விட்டே சொன்னேன்.

இப்போது மணி இரண்டரை. பெயர்கள் ஓடும் அந்த முதல் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போடப்போகிறேன். ஹெட்போனில்தான், இந்த நேரத்தில் ஸ்பீக்கரில் வைத்தால் வீட்டில் எனக்கு அடி விழும்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்