‘அழகி’ன்னு போடாதீங்க ஐயா, அவங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை நான் சின்ன வயசுலேர்ந்து படிக்கிறேன், ஊர்ல இருந்தப்போ அப்பா படிச்சு முடிச்சு மடிச்சு வச்சதுக்கு அப்புறம்தான் என் கைக்கு வரும், இப்ப நியூ ஜெர்சியில இருந்துகிட்டு காலைல காபியோட போன்ல படிக்கிறேன். ஆசிரியருக்குன்னு கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவை. சிறுமிங்கள பாலியல் கொடுமை பண்ண அமெரிக்க பணக்காரன் ஜெஃப்ரி எப்ஸ்டீன் கேஸ் பத்தி நீங்க போட்டுகிட்டு இருக்கிற செய்திங்கள பாத்துட்டு மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

செய்தி போட்டதுல தப்பில்ல ஐயா. ஆனா ஒவ்வொரு தடவையும் எந்த பெரிய மனுஷன் பேரு இருக்கு, எந்த தலைவரோட போட்டோ இருக்கு, அது மட்டும்தான் வருது. போன வாரம் ஒரு செய்தியில ‘இளம் அழகிகள்’னு தலைப்புலயே போட்டிருந்தீங்க. யாரு ஐயா அழகி? 2005 மார்ச்ல ஃப்ளோரிடாவுல பாம் பீச் போலீஸுக்கு முதல்ல வந்த புகார் ஒரு 14 வயசு பொண்ணு சம்பந்தப்பட்டது, அந்த பிள்ளையோட வீட்டாளுங்க போய் சொன்னதுல ஆரம்பிச்ச கேஸ் இது. 14 வயசுன்னா நம்ம ஊர்ல ஒன்பதாங்கிளாஸ். பாம் பீச் ஒரு தீவு, அங்க கோடீஸ்வரனுங்க பங்களா, பாலத்தை தாண்டி இந்தப்பக்கம் வந்தா கஷ்டப்படுற குடும்பங்க, அங்கேர்ந்துதான் நிறைய பிள்ளைங்கள ‘மசாஜ் பண்ணா 200 டாலர்’னு சொல்லி கூட்டிட்டு போயிருக்காங்க. வந்த பிள்ளைங்கள விட்டே தோழிங்கள கூட்டிட்டு வர வச்சிருக்காங்க. இதை ‘அழகிகள்’னு எழுதுனா படிக்கிறவனுக்கு என்ன தோணும்?

இந்த வார்த்தை விஷயத்தை நான் ஏன் இவ்வளவு பெருசா பேசுறேன்னா, அந்த கேஸ்ல சட்டமும் அதே மாதிரி ஒரு வார்த்தையைத்தான் பயன்படுத்துச்சு. போலீஸ் சீஃப் மைக்கேல் ரைட்டரும் அவரோட ஆளுங்களும் ஒரு வருஷம் அலைஞ்சு வாக்குமூலம் எல்லாம் சேத்து கொடுத்தாங்க, ஆனா 2006ல மாநில அரசு வக்கீல் பேரி கிரிஷர் அதை கிராண்ட் ஜூரிக்கு, அதாவது குற்றம் சாட்டலாமான்னு முடிவு பண்ற பொதுஜன குழுவுக்கு, கொண்டு போனப்போ வந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டு, விபச்சாரத்துக்கு அழைச்சதுன்னு. அப்படின்னா அந்த பிள்ளைங்க யாரு? விபச்சாரிங்களா? ரைட்டருக்கு பொறுக்கல, கேஸை எஃப்.பி.ஐ. கிட்ட கொடுத்துட்டாரு. அப்படித்தான் இது ஃபெடரல் பிராசிக்யூட்டருங்க கைக்கு வந்துச்சு, அதாவது மத்திய அரசு வக்கீலுங்க கைக்கு.

நான் சொல்ல வந்த விஷயமே இங்கதான் ஐயா ஆரம்பிக்குது. உங்க பேப்பர்ல இது ஒரு தடவை கூட விளக்கமா வந்து நான் பாக்கல.

தெற்கு ஃப்ளோரிடா ஃபெடரல் ஆபீஸ்ல ஒரு பெண் பிராசிக்யூட்டர் 2007 மே மாசமே 50 பக்கத்துக்கு மேல குற்றப்பத்திரிகை வரைவு தயார் பண்ணிட்டாங்க, 60 குற்றச்சாட்டு. அது கோர்ட்டுக்கு போயிருந்தா எப்ஸ்டீன் ஆயுசுல பாதி ஜெயில்லயே போயிருக்கும். ஆனா போகல. அவங்களுக்கு மேல இருந்த அலெக்ஸாண்டர் அகோஸ்டா அனுமதியோட 2007 செப்டம்பர் 24ம் தேதி எப்ஸ்டீன் தரப்போட ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. நாங்க ஃபெடரல் கேஸே போட மாட்டோம், நீ மாநில கோர்ட்ல ரெண்டு சின்ன குற்றத்தை ஒத்துக்க, அவ்வளவுதான். கூடவே அவனுக்கு உடந்தையா இருந்த நாலு பேரை பேர் சொல்லி விட்டுட்டாங்க, அதுக்கும் மேல ‘வேற யாரு உடந்தையா இருந்திருந்தாலும்’ அவங்க மேலயும் கேஸ் கிடையாதுன்னு எழுதி கொடுத்தாங்க. யாருன்னே தெரியாத ஆளுங்களுக்கும் சேத்து மன்னிப்பு! நான் நிறைய ஆவணம் மொழிபெயர்த்திருக்கேன், இந்த மாதிரி ஒரு வரியை நான் எங்கயும் பாத்ததில்ல.

சரி, இதை அந்த பிள்ளைங்க கிட்ட சொன்னாங்களா? 30 பேருக்கு மேல பாதிக்கப்பட்டவங்கன்னு ஃபெடரல் ஆபீஸுக்கே தெரியும், பேர் விலாசம் எல்லாம் கையில இருக்கு. கையெழுத்தாகுறதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஒப்பந்தம் கையெழுத்தான அடுத்த மாசம் அகோஸ்டா எப்ஸ்டீனோட வக்கீலை ஒரு ஹோட்டல்ல காலை டிபன் நேரத்துல சந்திச்சிருக்காரு. பிள்ளைங்களுக்கு எப்ப சொல்றது, என்ன சொல்றதுங்கிறதுல எதிர்த்தரப்பு வக்கீலுங்க சொல்றதுக்கு காது கொடுத்தாங்க. அதை விட கொடுமை, 2008 ஜனவரியில எஃப்.பி.ஐ. லேர்ந்து அந்த பொண்ணுங்களுக்கு லெட்டர் போகுது, உங்க கேஸ் விசாரணையில இருக்கு, நாளாகும், பொறுமையா இருங்கன்னு. டீல் கையெழுத்தாகி மூணு மாசம் தாண்டியாச்சு. அந்த லெட்டரை கையில வச்சுகிட்டு பொறுமையா காத்திருந்த பொண்ணை நினைச்சு பாருங்க.

அப்புறம் 2008 ஜூன் 27, வெள்ளிக்கிழமை, பாதிக்கப்பட்டவங்களோட வக்கீலுக்கு போன் வருது, திங்கக்கிழமை மாநில கோர்ட்ல ஒரு ஹியரிங் இருக்குன்னு. அதோட ஃபெடரல் கேஸும் மொத்தமா முடியப்போகுதுன்னு அவர்கிட்ட சொல்லல. ஜூன் 30 அன்னிக்கு அவன் குற்றத்தை ஒத்துக்கிட்டான், 18 மாசம் தண்டனை, அதுலயும் 13 மாசம்தான் உள்ள இருந்தான், அந்த 13 மாசத்துலயும் பெரும்பகுதி வாரத்துல ஆறு நாள், நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வெளிய ஆபீஸ் போயிட்டு ராத்திரிக்கு ஜெயிலுக்கு திரும்பலாம்னு சலுகை. இந்த சலுகையெல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க, நான் அதுல நிக்கல.

நான் நிக்கிறது சட்டத்துல. அமெரிக்காவுல 2004லயே குற்றத்தால பாதிக்கப்பட்டவங்க உரிமைச் சட்டம்னு ஒண்ணு வந்துருச்சு. கோர்ட்ல என்ன நடக்குதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிற உரிமை, அரசு வக்கீல்கிட்ட பேசுற உரிமை, நீதிபதி முன்னாடி தன் தரப்பை சொல்ற உரிமை, மரியாதையா நடத்தப்படுற உரிமை, எல்லாம் அதுல எழுதியிருக்கு. அதை வச்சுதான் அந்த பொண்ணுங்க 2008 ஜூலையில ஃபெடரல் கோர்ட்டுக்கு போனாங்க. எங்கள கேக்காம எப்படி டீல் போட்டீங்கன்னு. அந்த வழக்கு பத்து வருஷத்துக்கு மேல ஓடுச்சு ஐயா. பிள்ளைங்களா போனவங்க பிள்ளை பெத்தவங்களா ஆயிட்டாங்க. 2018 நவம்பர்ல மயாமி ஹெரால்ட் பத்திரிகையில ஜூலி பிரவுன்ங்கிற நிருபர் அவங்கள தேடிப்போய் பேச வச்சு எழுதுனப்புறம்தான் உலகமே திரும்பி பாத்துச்சு. (பத்திரிகை நினைச்சா என்ன பண்ண முடியும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.) 2019 பிப்ரவரியில நீதிபதி கென்னத் மாரா, ஆமா, பிராசிக்யூட்டருங்க சட்டத்தை மீறிட்டாங்கன்னு தீர்ப்பு கொடுத்தாரு.

அதோட முடிஞ்சிருந்தா நான் இந்த கடிதமே எழுதியிருக்க மாட்டேன். கேஸ் அப்பீலுக்கு போச்சு, 2021 ஏப்ரல்ல ஃப்ளோரிடா ஃபெடரல் கேஸுங்கள பாக்குற பதினோராவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் முழு அமர்வா உக்காந்து 7க்கு 4ன்னு, அப்பீல் பண்ண பொண்ணுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிட்டாங்க. காரணம் என்ன தெரியுமா, எப்ஸ்டீன் மேல ஃபெடரல் கோர்ட்ல கேஸே ஃபைல் ஆகலையாம், கேஸ்னு ஒண்ணு இருந்தாத்தான் இந்த உரிமையை கேட்டு கோர்ட் கதவை தட்ட முடியுமாம், தனியா வந்து கேக்க முடியாதாம். அந்த பொண்ணுங்களுக்கு நடந்தது தேசத்துக்கே அவமானம்னு ஒரு நீதிபதி எழுதிட்டே எதிரா தீர்ப்பு எழுதுறாரு. 2022ல சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலை எடுத்துக்க மறுத்துருச்சு.

இதை கொஞ்சம் யோசிச்சு பாருங்க. கேஸ் போடாம ரகசியமா டீல் போட்டா உரிமைய கேட்டு கோர்ட்டுக்கு போக வழியில்ல, கேஸ் போட்டாத்தான் வழி. அப்ப பணம் இருக்கிறவன் பெரிய வக்கீலுங்கள வச்சு கேஸ் ஃபைல் ஆகுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிட்டா போதும், அந்த பொண்ணு யாரையும் கேள்வி கேக்க முடியாது. ஏழைப்பட்டவன் மேல அடுத்த நாளே கேஸ் ஃபைல் ஆயிரும், அங்க பாதிக்கப்பட்டவங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. செல்வாக்கு உள்ளவன் கேஸ்லதான் இந்த ஓட்டை திறக்குது. எந்த பிரபலம் எந்த ஃப்ளைட்ல போனார்ங்கிறத விட இதுதான் எனக்கு பெரிய செய்தியா படுது.

அரசு வக்கீலுங்க பக்கமும் ஒரு நியாயம் சொன்னாங்க, அதையும் சொல்லிடுறேன். ஒப்பந்தத்துல அந்த பிள்ளைங்களுக்கு நஷ்ட ஈடு வாங்க வழி வச்சிருந்தாங்க, அதை முன்னாடியே சொல்லிட்டு, டீல் முறிஞ்சு கேஸ் நடந்தா, பணத்துக்காகத்தான் சாட்சி சொல்றீங்கன்னு குறுக்கு விசாரணையில பிள்ளைங்கள கிழிச்சுருவாங்களேன்னு பயந்தோம்னு. அந்த பயம் பொய்னு நான் சொல்ல மாட்டேன், குறுக்கு விசாரணையில என்ன நடக்கும்னு பக்கத்துல நின்னு பாத்தவ நான். ஆனா அதுக்காக பணத்தை பத்தி சொல்லாம இருக்கலாம், கேஸையே மூடுறோம்ங்கிறத மறைக்கலாமா? 2020ல நீதித்துறை தன்னோட ஆளுங்கள தானே விசாரிச்சு ஒரு அறிக்கை கொடுத்துச்சு, அகோஸ்டா எடுத்த முடிவு சரியில்ல, ஆனா ஒழுங்கு மீறல் இல்லன்னு. அவரு அதுக்கு முந்தின வருஷமே தொழிலாளர் துறை அமைச்சர் பதவியை விட்டு போயிட்டாரு. வேற யாருக்கும் எதுவும் ஆகல.

நான் இங்க கோர்ட்ல தமிழ் மொழிபெயர்ப்பாளரா கூப்பிட்டா போறவ. சில வருஷம் முன்னாடி ஒரு அம்மா, நம்ம ஊர் பக்கம்தான், பொண்ணுக்கு நடந்த ஒரு கொடுமைக்காக லீவு போட்டு ரெண்டு பஸ் மாறி கோர்ட்டுக்கு வந்திருந்தாங்க. ஹியரிங் ரூம் பூட்டியிருக்கு. விசாரிச்சா, கேஸ் போன வாரமே பேசி முடிஞ்சிருச்சு, யாரும் அவங்களுக்கு போன் பண்ணல. கவுண்டர்ல இருந்தவங்க சொன்னதை நான்தான் தமிழ்ல சொல்லணும். சொன்னேன். அந்தம்மா என்னையே பாத்துட்டு, “முடிஞ்சிருச்சா? எங்கள கேக்காம எப்படிம்மா முடியும்?”னு கேட்டாங்க. அதை நான் திருப்பி இங்கிலீஷ்ல கேட்டேன். கவுண்டர்ல பதில் வரல. ஃப்ளோரிடா தீர்ப்பை படிச்சப்போ எனக்கு அந்தம்மா முகம்தான் வந்துச்சு.

இதே ஃபெடரல் பிராசிக்யூட்டருங்க ஒழுங்காவும் பண்ண முடியும்ங்கிறதுக்கும் இதே கேஸ்லயே சாட்சி இருக்கு. 2019 ஜூலை 6ம் தேதி எங்க நியூ ஜெர்சி டெட்டர்பரோ ஏர்போர்ட்ல எப்ஸ்டீனை நியூயார்க் ஃபெடரல் கேஸ்ல புடிச்சாங்க, ரெண்டு நாள் கழிச்சு நியூயார்க் பிராசிக்யூட்டர் ஜெஃப்ரி பெர்மன் டிவி கேமரா முன்னாடி நின்னு, பாதிக்கப்பட்டவங்க எங்கள கூப்பிடுங்கன்னு போன் நம்பரோட சொன்னாரு. ஆகஸ்ட் 10 அவன் ஜெயில்லயே செத்துட்டான். ஆள் செத்தா கேஸ் முடிஞ்சுது, ஒரு கையெழுத்துல மூடியிருக்கலாம். ஆனா நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் (முன்ன சொன்னவரு வேற, இவரு வேற) ஆகஸ்ட் 27 அன்னிக்கு கோர்ட்டை திறந்து வச்சு, பேச விரும்புறவங்க வந்து பேசுங்கன்னாரு. இருபது பேருக்கு மேல, நேர்லயோ வக்கீல் மூலமாவோ, பேசுனாங்க. காலியா கிடந்த குற்றவாளி நாற்காலிய பாத்துகிட்டு பேசுனாங்க. கேஸ் அதனால மாறல, ஆனா பதினாலு வருஷம் கழிச்சு ஒரு நீதிபதி அவங்க சொல்றத முழுசா கேட்டாரு. எப்ஸ்டீனுக்கு உடந்தையா இருந்த கிஸ்லேன் மேக்ஸ்வெல்லுக்கு 2022ல 20 வருஷம் கிடைச்சதும் நாலு பொண்ணுங்க கூண்டுல ஏறி சாட்சி சொன்னதாலதான்.

ஆனா பழைய பழக்கம் போகல. 2025ல அதே மேக்ஸ்வெல்லை நீதித்துறையோட பெரிய அதிகாரி ஒருத்தர் போய் ரெண்டு நாள் பேசிட்டு வந்தாரு, கொஞ்ச நாள்ல அவங்கள கெடுபிடி கம்மியான டெக்ஸஸ் முகாமுக்கு மாத்திட்டாங்க, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலன்னு பாதிக்கப்பட்டவங்க தரப்புல அழுதாங்க. நவம்பர்ல எப்ஸ்டீன் கேஸ் ஆவணங்கள வெளியிடச் சொல்லி சட்டம் வந்துச்சு, பிரதிநிதிகள் சபையில 427க்கு 1. அந்த பொண்ணுங்க வாஷிங்டன் வாசல்ல நின்னு போராடி வாங்குன சட்டம் அது. கடைசியில லட்சக்கணக்கான பக்கம் வெளிய விட்டப்போ பாதிக்கப்பட்டவங்க சில பேரோட பேரையே மறைக்காம விட்டுட்டாங்க, வக்கீலுங்க சண்டை போட்டப்புறம் ஆயிரக்கணக்கான ஆவணத்தை திரும்ப எடுத்தாங்க. உங்க பேப்பர்ல அன்னிக்கு முதல் பக்கத்துல வந்தது ஒரு பணக்காரரோட ஈமெயில்.

ரெண்டே ரெண்டு கேக்குறேன் ஐயா. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தோத்த அந்த பொண்ணோட பேர்லயே ஒரு திருத்த மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்துல 2019லேர்ந்து பேசிகிட்டு இருக்காங்க, கேஸ் ஃபைல் ஆகுறதுக்கு முன்னாடியே பாதிக்கப்பட்டவங்களுக்கு இந்த உரிமை உண்டுன்னு தெளிவா எழுதணும்ங்கிறது அதுல முக்கியமானது. இன்னும் சட்டமாகல. அதை பத்தி ஒரு அரைப்பக்கம் எழுதுங்க, நான் வேணும்னா தீர்ப்புங்கள மொழிபெயர்த்து தர்றேன், காசு வேணாம். இன்னொண்ணு, அடுத்த தடவை இந்த செய்தி வர்றப்போ ‘சிறுமிகள்’னு போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
நியூ ஜெர்சி