கன்றுக்குக் கடும்புப் பாலை விடுங்கள்

ஆசிரியருக்கு,

மாரி தொடங்கினால் வன்னி மாட்டுப் பட்டிகளில் பிறந்த கன்றுகள் வயிற்றோட்டத்தில் செத்துப்போகின்றன, நாங்களும் மருந்துக்கு ஓடுகிறோம், ஆனால் ஈன்ற அன்றே செய்யவேண்டியதை விட்டுவிடுகிறோம். கன்று வயிற்றுக்குள் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி அதற்குப் போவதில்லை, ஈன்றவுடன் சுரக்கிற முதற்பாலான கடும்புப் பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சுகிற குடலின் தன்மையும் பிறந்து 24 மணித்தியாலத்தில் போய்விடும்.

இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழட்டும் என்று கன்றைத் தள்ளிக் கட்டிவைப்பது பெரிய பிழை. எழும்பத் தடுமாறுகிற கன்றைப் பிடித்து, முலையைக் கழுவி, இரண்டு துளி பீச்சி வாயில் வையுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்கட்டும். 20 கிலோக் கன்றுக்கு முதல் 12 மணித்தியாலத்தில் இரண்டு லீற்றராவது வேண்டும். கடும்பு காய்ச்சிச் சாப்பிட எல்லாருக்கும் ஆசைதான், சரி, கன்று குடித்து முடிந்தபின் மிச்சத்தைக் கறவுங்கள்.

அப்புறம், சினைமாட்டுக்குக் கடைசி இரண்டு மாதமும் தவிடும் பிண்ணாக்கும் குறையக்கூடாது.

ஒரு பட்டிக்காரன்,
மாங்குளம்