மேல்நிலை மறைக்கல்வித் தேர்வின் விடைக்குறிப்பைத் திரும்பப் பெறுங்கள்: ஒரு திறந்த மடல்

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்குக் கத்தோலிக்க மறைக்கல்விப் பாடத்திட்டமும் தேர்வுத்தாளும் வகுக்கும் அருள்தந்தையர்க்கும் அருள்சகோதரிகளுக்கும், மதுரை வட்டாரத்துப் பங்குகளிலும் பள்ளிகளிலும் அந்த வகுப்புகளை எடுக்கிறவர்கள் எழுதும் மடல். இயேசுவுக்கே புகழ்.

இந்த ஆண்டுத் தாளும் அதற்கு நீங்கள் அனுப்பிய விடைக்குறிப்பும் உங்கள் மேசையிலேயே இருக்கும். எந்தக் கேள்வியைச் சொல்ல வருகிறோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். 'அமல உற்பவம் என்பது யாது?' கொடுத்த நான்கு விடைகளில் 'மரியா கன்னிமை குன்றாமல் இயேசுவைக் கருத்தரித்தது' என்பதே சரி என்கிறது குறிப்பு. 'மரியா சென்மப் பாவ மாசின்றி உற்பவித்தது' என்று குறித்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அவர்கள் குறித்ததுதான் திருஅவையின் போதனை: ஆதாம் ஏவாளிடமிருந்து மனிதர்க்கு வரும் சென்மப் பாவம், மரியா தம் தாய் வயிற்றில் கருவான கணத்திலிருந்தே அவரைத் தொடவில்லை. 1854 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததும் அதுவே. நான்கு ஆண்டுகள் கழித்து பிரான்சின் லூர்து கெபியில் காட்சி தந்த மாதாவிடம் பெர்னதெத் என்ற சிறுமி கேட்டு வந்து பங்குச் சாமியாரிடம் சொன்ன பெயரும் அதுவே.

விடைத்தாள் திருத்துகிறவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சரியான விடையைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும், தவறான விடைக்குச் சரி போட வேண்டும். குறிப்பை மீறி மதிப்பெண் கொடுத்தால் மறு ஆய்வில் அது வெட்டப்படுகிறது. வகுப்பில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதையே எழுதியதற்காகப் பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தால், மறுநாள் அந்தப் பிள்ளை 'நீங்க சொன்னது தப்பா மிஸ், இல்ல சர்ச் சொல்றது தப்பா?' என்று கேட்கிறாள். ஒரு மார்க்குதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. பதினேழு வயதில் மனதில் பதிவது அவள் தாயாகிப் பிள்ளைக்குச் சொல்லும் வரை நிற்கும். அந்த விடைக்குறிப்பைத் திரும்பப் பெறுங்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 8 திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்தி லூக்கா 1:26-38, கபிரியேல் தூதர் மங்கள வார்த்தை சொன்ன பகுதி. விழா மரியாவின் உற்பவத்துக்கு; காதில் விழும் வாசகம் இயேசுவின் கருத்தரிப்பைப் பற்றியது. விளக்காமல் விட்டால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது இயல்பு. அந்த வாசகம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் 28 ஆம் வசனத்தில் தூதர் மரியாவை அழைக்கும் 'அருள்மிகப் பெற்றவரே' என்ற விளிப்பு; அருள் நிறைந்தவரிடம் பாவத்துக்கு இடமில்லை.

கரும்பலகையில் இதைத் தெளிவாக்க ஐந்து நிமிடம் போதும். செப்டம்பர் 8 எந்த நாள் என்று கேட்டால், வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த மதுரைப் பிள்ளைகள் மாதா பிறந்தநாள் என்று சட்டென்று சொல்வார்கள். அங்கிருந்து ஒன்பது மாதம் பின்னே போனால் டிசம்பர் 8. அன்று உற்பவித்தவர் மரியா; இடம் அவர் தாய் அன்னம்மாளின் வயிறு. அடுத்த வரியில் டிசம்பர் 25 என்று எழுதி ஒன்பது மாதம் பின்னே போனால் மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். அன்று கருவானவர் இயேசு. இடம் மரியாவின் வயிறு. இரண்டு வரியையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்த பிள்ளை பிறகு குழம்புவதில்லை.

அதற்கு அடுத்து வரும் கேள்விதான் மேல்நிலை வகுப்புக்கு உரியது. பாவமே இல்லாதவருக்கு மீட்பர் எதற்கு? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) தோழி பக்கத்துப் பெஞ்சிலிருந்து கேட்பாள். இறையியல் மேதை தூய தோமா அக்குவினாவையே இந்தப் போதனையை ஏற்கவிடாமல் தடுத்து நிறுத்திய கேள்வி இது. விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்குவதும் மீட்பு, விழாமல் முன்னரே தாங்கிக்கொள்வதும் மீட்பு என்று விடைக்கு வழி திறந்தவர் பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ். 1854 ஆம் ஆண்டு அறிவிப்பும் 'கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டு' என்றே சொல்கிறது. மரியாவும் மீட்கப்பட்டவர்தான், 'என் மீட்பராம் கடவுள்' என்று அவரே பாடுகிறார். இவ்வளவு செழிப்பான போதனையை ஒரு மார்க் கேள்வியாகச் சுருக்கி, அதையும் தவறாகக் கொடுத்தால் பிள்ளைகள் கையில் என்ன மிஞ்சும்?

பிழை இந்த ஒரு கேள்வியோடு நிற்கவில்லை. 'சாவான பாவங்கள் எத்தனை?' என்ற கேள்விக்கு ஏழு என்கிறது குறிப்பு. ஏழு என்பது அகங்காரம், பேராசை போன்ற தலையான பாவங்களின் எண்ணிக்கை. ஆன்மாவின் அருள்வாழ்வைக் கொல்லும் சாவான பாவத்துக்குப் பட்டியல் கிடையாது, மூன்று நிபந்தனைகள் உண்டு: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், கனமானது என்று முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும், மனமொப்பிச் செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. இது தெரியாத பிள்ளை, ஒன்றுமில்லாததற்குப் பயந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதையே விட்டுவிடுகிறது.

கொலை செய்யாதே என்பது ஒரு கேள்வியில் ஐந்தாம் கட்டளை, இன்னொன்றில் ஆறாம் கட்டளை. தூய அகுஸ்தீனின் வரிசைப்படி நமக்கு அது ஐந்தாவது, சி.எஸ்.ஐ. வரிசையில் ஆறாவது. இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. மரண தண்டனை பற்றிய விடையோ பழையது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலில் 2267 ஆம் பத்தியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018 இல் மாற்றி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதச் செய்தார். நம் குறிப்பு இன்னும் 'சில வேளைகளில் ஏற்கலாம்' என்கிறது.

தந்தை, மகன், தூய ஆவியார் என்ற மூவொரு கடவுளை விளக்க உங்கள் கையேடு தரும் நீர், பனிக்கட்டி, நீராவி உவமையையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஒரே பொருள் மூன்று நேரத்தில் மூன்று உருவம் எடுப்பது சபெல்லியுஸின் கொள்கை; திருஅவை அதை மூன்றாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. யோர்தானில் மகன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியார் புறாவைப் போல இறங்குகிறார், தந்தையின் குரல் வானிலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். மத்தேயு 3:16-17 ஐ வாசிக்கச் சொன்னால் போதும், பிள்ளைகளே அந்த உவமையின் ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள்.

பிள்ளைகள் உண்மையில் கேட்கிற கேள்விகள் உங்கள் வினா வங்கியில் எங்கும் இல்லை. நீட் தேர்வு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மையம் வெளியூரில் என்றால் விடியலிலேயே கிளம்ப வேண்டும். பூசை காணாவிட்டால் பாவமா? சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலே ஞாயிறு கடன் நிறைவேறும் என்கிறது திருஅவைச் சட்டம் 1248. அதற்கும் வழியில்லாத அளவுக்குக் கனமான காரணம் இருந்தால் அந்தக் கடமை கட்டாது. இரண்டே வாக்கியத்தில் முடிகிற பதில். இதைத் தெரிந்துகொள்ளாமலே பன்னிரண்டு ஆண்டு மறைக்கல்வியை முடித்துப் போகிறார்கள்.

நேரத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். காலை முதல் பீரியட் மறைக்கல்வி என்று கால அட்டவணையில் இருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிளஸ் டூவுக்கு அது ரிவிஷன் டெஸ்ட்டுக்குப் போய்விடும். பங்கில் ஞாயிறு பூசை முடிந்து வகுப்பு வைத்தால் டியூஷன் வேன் வாசலில் நிற்கும். கத்தோலிக்கப் பள்ளி என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தைக்கூடக் காப்பாற்றித் தர முடியவில்லை என்பது நமக்கு அவமானம். இதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு; ஆனால் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

1606 இல் இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, நம் மூதாதையர் தத்துவ போதகர் என்றழைத்தவர், மதுரைக்கு வந்தார். கேட்க வந்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் ஏன் என்று கேட்கக் கேட்க விளக்கியே மறையுரைத்தார். அந்த ஊரில், பிளஸ் டூ பிள்ளை 'ஏன்' என்று கேட்டால் 'அது சிலபஸில் இல்லை' என்று சொல்லும்படி எங்களை வைத்திருக்கிறீர்கள். கோபம் சற்று மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலைப்பளு மிகுந்தவர்கள் என்பதை நாங்கள் அறிவோம்.

பணிவோடு கேட்பது இவைதான். முதலாவது, விடைக்குறிப்பைத் திரும்பப் பெற்று, திருத்திய குறிப்பை எல்லாப் பள்ளிகளுக்கும் பங்குகளுக்கும் அனுப்புங்கள். மதிப்பெண் இழந்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த ஆண்டுத் தாளில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் ஒரு மார்க் கேள்விகள் வேண்டாம். மீதி, பிள்ளைகள் தம் சொந்த வார்த்தையில் விளக்கி எழுதும் கேள்விகளாக இருக்கட்டும். 'டிசம்பர் 8 அன்று இயேசுவின் கருத்தரிப்பு பற்றிய நற்செய்தி ஏன் வாசிக்கப்படுகிறது?', 'திருத்தந்தை தவறா வரம் உடையவர் என்றால் அவர் பாவமே செய்யமாட்டார் என்று பொருளா?', 'மாதாவுக்குச் செலுத்தும் வணக்கத்துக்கும் கடவுளுக்குச் செலுத்தும் ஆராதனைக்கும் என்ன வேறுபாடு?' இப்படிக் கேளுங்கள். தாள் அச்சுக்குப் போகுமுன் இறையியல் படித்த ஒருவரும், வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவரும் மறைக்கல்வி நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விடையையும் பத்தி எண்ணோடு சரிபார்க்கட்டும். 2865 பத்திகளும் எண் போட்டே இருப்பதால் ஒருநாள் மாலை அமர்ந்தாலே வேலை முடிந்துவிடும். இதற்கு ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

ஜூனில் பள்ளி திறக்குமுன் விடைக்குறிப்பைத் திரும்பப் பெறுங்கள். புதிய பிளஸ் டூ பிள்ளைகள் பழைய வினா-விடையை ஜெராக்ஸ் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இப்படிக்கு,
மதுரை வட்டார மேல்நிலை வகுப்பு மறைக்கல்வி ஆசிரியர்கள்