காயலோர விடுதிச் சாலை: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். முத்துப்பேட்டைக்கு இப்பால், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து காயலோர விடுதிகள் வரை நாம் போட்ட 800 மீட்டர் தார்ச்சாலை ஆடிப்பெருக்குக்கு முன்பே முடிந்துவிட்டது. குழாய்ப் பாலம் இரண்டு, ஓரக்கல், பெயர்ப்பலகை எல்லாம் ஆயிற்று. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் கிராவல் கணக்குதான். கமிட்டி எவ்வளவு தின்றது என்று டீக்கடையில் பேசியதும் காதில் விழுந்தது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் ஊர் மண் ஆறு கொண்டுவந்து போட்ட களி. மழையில் சேறு, கோடையில் கை நுழையும் வெடிப்பு. இதன்மேல் நேரே ஜல்லி போட்டால் ஒரே ஐப்பசியில் உள்ளே இறங்கிவிடும். ஆகவே அடியில் அரை அடி கிராவல் என்று முடிவெடுத்தோம். நீளம் 2,625 அடி, அகலம் 12 அடி, கனம் அரை அடி. பெருக்கினால் 15,750 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 157½. ஒப்பந்தத்தில் இதைத்தான் எழுதினோம். ஒப்பந்தக்காரரும் 157½ யூனிட் கொட்டி ரோலர் விட்டார். குழி வெட்டி அளந்தால் நாலரை அங்குலம்!

திருட்டு என்று சத்தம் போட்டோம். ரோலர் சாவியைப் பிடுங்கி வைத்தது நான்தான். ஒன்பது நாள் வேலை நின்றது. அப்புறம் ஓய்வு பெற்ற சாலை ஆய்வாளர் ஒருவரைக் கூட்டிவந்தோம். எட்டு அங்குலம் கொட்டினால்தான் அமுங்கி ஆறு நிற்கும், 210 யூனிட் வேண்டும் என்றார். ‘அமுக்கியபின்’ என்ற ஒரு சொல் ஒப்பந்தத்தில் இல்லை. எழுதியவனும் நான்தான். ஒப்பந்தக்காரர் முதலிலேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கடைசியில் குறைந்த 52½ யூனிட்டுக்குச் சரக்கு விலை நம்முடையது, லாரி வாடகையும் ரோலர் கூலியும் அவருடையது என்று பேசி முடித்தோம். நாலரையே போதும் என்றவர்கள் கார்த்திகை மழைக்குப் பிறகு வந்து பார்க்கட்டும்.

கூடுதல் செலவைத் தாங்கியவர்கள்: விடுதிக்காரர்கள் ஐந்து பேர், தேங்காய் மண்டிக்காரர்கள், படகுக்காரர்கள், இறால் பண்ணைக்காரர், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் பிள்ளைகள், மேலத்தெரு மகளிர் குழு, பெயரே வேண்டாம் என்ற அறுப்பு மெஷின்காரர். மற்றவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. எழுத்து சிறிசு என்று கோபிக்க வேண்டாம், கல் ஒன்றுதான்.

விடுதிக்காரனுக்கு ஊர்ப் பணத்தில் ரோடா என்கிறவர்களுக்கு ஒன்று. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் சாய்த்த தென்னைகளை வெளியே எடுக்க இந்தத் தடத்தில் ஒரு டிராக்டர்கூட நுழையவில்லை. அன்று இங்கே விடுதி ஒன்றும் இல்லை.

சாலை படகுத்துறை வரை போகவில்லை என்பதும் உண்மை. எல்லைக்கல்லுக்கு அப்பால் அலையாத்திக் காப்புக்காடு. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் அங்கே தார் ஊற்ற முடியாது. அந்தக் கொஞ்ச தூரம் நடக்கத்தான் வேண்டும்.

வரவு செலவு ஏடு பொருளாளர் வீட்டில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் பார்க்கலாம். ரோலர் சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

செயலாளர், சாலைப் பணிக் கமிட்டி