கயல், அந்தக் களிம்பைப் பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு மகள் கயலுக்கு, அம்மா எழுதுவது.

அப்பா நலம். தானே புயலில் சாய்ந்து மீண்டும் துளிர்த்த பலாவில் பிஞ்சு விட்டிருக்கிறது. பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து "சாப்பிட்டேன், வேலை இருக்கிறது" என்பதற்கு மேல் நீ எதுவும் பேசுவதில்லை. தொலைபேசியில் கேட்க எனக்கும் நா எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சென்ற மாதம் பெரியம்மாவோடு கோரிமேடு ஜிப்மருக்குப் போனது கண் காட்டுவதற்கு என்று உன்னிடம் சொன்னேன். அது உண்மையல்ல. நான்கு ஆண்டுகளாக எனக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு இருந்தது; இரவில் படுத்ததும் உயிரை எடுக்கும். இங்கே ஒரு மருத்துவர் பார்க்காமலேயே பூஞ்சைக்கு மருந்து எழுதிக் கொடுத்தார், நானும் காட்டாமலேயே வாங்கி வந்தேன். ஒருநாள் கதவைத் தாழிட்டுக் கைக்கண்ணாடியில் பார்த்தபோது அந்த இடம் வெங்காயச் சருகு போல வெளுத்து, சுருங்கி, ஓரத்தில் வெடித்திருந்தது.

லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று ஜிப்மரில் சொன்னார்கள். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை, அழுக்கினாலோ நடத்தையினாலோ வருவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்குவதால் வருவதாகக் கருதுகிறார்கள். தைராய்டு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படும், சில குடும்பங்களில் தொடர்வதும் உண்டு என்றபோது என் மனம் உன்னிடம் ஓடிவிட்டது.

புற்றாகுமா என்று பெரியம்மா கேட்டுவிட்டாள். கவனிக்காமல் விட்டால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே ஆகும் என்றார் மருத்துவர். 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், இதற்கான களிம்பை ஒழுங்காகப் போட்டுவந்த 357 பெண்களில் ஒருவருக்குக்கூட அவ்விடத்தில் புற்றோ புற்றுக்கு முந்தைய மாற்றமோ வரவில்லை, விட்டுவிட்டுப் போட்ட 150 பேரில் 7 பேருக்கு அவற்றில் ஒன்று வந்தது என்றும் சொன்னார். அந்த ஏழு பேரை நினைத்தே எனக்குத் தூக்கம் போகிறது.

எனக்குக் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பை எழுதிக் கொடுத்தார்கள். முதல் மாதம் தினமும், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை. அரிப்பு நின்றாலும் நிறுத்தக் கூடாது. சோப்பு கூடாது. மருந்துக் கடையில் அந்தக் குழாயை வாங்கியதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பொங்கலன்று உன் தைராய்டு மாத்திரையை எடுக்கப் பையைத் திறந்தபோது இதே பெயருள்ள குழாயைப் பார்த்திருந்தேன். அதன் வாயில் இருந்த ஈயத்தாள்கூடக் குத்தப்படாமல் இருந்தது. பெங்களூரில் முப்பது பேருக்கு வேலை சொல்கிற பெண் நீ, உன் உடம்புக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்கிறாய்?

கேட்க எனக்குத் தகுதியில்லை. பாடலீஸ்வரர் தேர் பார்க்கப் போன கூட்டத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளையான நீ பாவாடைமேல் கைவைத்துச் சொறிந்தாய் என்று வீட்டுக்கு வந்ததும் அகப்பைக் காம்பால் அடித்தேன். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாய். தண்ணீர் குடி என்றேன். பூப்படையாத சிறுமிகளுக்கும் இது வரும் என்று அந்த மருத்துவர் சாதாரணமாகச் சொன்னார், என்னால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஆயாவின் வெள்ளைப் புடவையைத் துவைத்தவளும் நான்தான். அந்தக் கறையை மூலம் என்று எல்லோரிடமும் சொன்னவளும் நான்தான்.

அரிப்பு நின்றாலும் நிறுத்தாதே. ஆறாத புண்ணோ தடிப்போ கையில் பட்டால் நாள் கடத்தாமல் காட்டு, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றால் சம்மதித்துவிடு.

அடுத்த மாதம் 17ஆம் தேதி எனக்கு மறுபரிசோதனை. நீ வந்தால் இருவருக்கும் சீட்டு எடுத்துவிடலாம். நீ உள்ளே போகும்போது என்னை வெளியே இருக்கச் சொன்னால், வெளியே இருந்துகொள்கிறேன்.

அம்மா