சீலகாந்த் நமக்குப் பாட்டன் இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். எப்போதோ அழிந்துபோனதாக எல்லோரும் நினைத்திருந்த சீலகாந்த் என்ற கடல்மீனைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், மீன்குவியலுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த நீலத் துடுப்பை அருங்காட்சியகக் காப்பாளர் மார்ஜோரி கோர்ட்னே-லாட்டிமர் பார்த்துவிட்ட கதையைக் கட்டுரையாளர் அழகாகச் சொல்லியிருந்தார். ஆனால் படத்தில், சீலகாந்திலிருந்து மனிதனுக்கு நேராக ஒரு அம்புக்குறி போட்டு 'நம் மூதாதை' என்று எழுதியிருந்தது உறுத்தியது.

இன்று உயிரோடு நீந்துகிற மீன் நமக்கு எப்படிப் பாட்டனாகும்? பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் தூரத்துப் பங்காளி. இரண்டு வீட்டாருக்கும் பொதுவான பாட்டன் வாழ்ந்து சுமார் 40 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைவிட நெருங்கிய உறவு ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்க நன்னீரில் வாழும் நுரையீரல் மீன்கள். 2013இல் சீலகாந்தின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தபோது இது இன்னும் உறுதியானது. ஆக, நுரையீரல் மீனுக்குக் கட்லாவைவிடத் தெருவில் போகும் மாடுதான் கிட்டத்துச் சொந்தம். நான் பாடம் நடத்திய காலத்தில் இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும்.

கட்லா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் வயிற்றைக் கீறினால் வெள்ளை பலூன் மாதிரி, இரண்டு அறைகளாக ஒரு காற்றுப்பை வரும். சிறுவயதில் அதை 'டப்'பென்று மிதித்து உடைக்கத் தம்பியோடு சண்டை போட்டிருக்கிறேன். இந்தப் பைதான் பின்னாளில் நுரையீரல் ஆனது என்று டார்வின் நினைத்தார். விஷயம் தலைகீழ்! ஆதி எலும்பு மீன்களுக்கே நுரையீரல் இருந்தது. கட்லாவின் வம்சத்தில்தான் அது மிதப்பதற்கான பையாக மாறியது. சீலகாந்தின் உடலுக்குள்ளும் எதற்கும் உதவாத சிறு நுரையீரல் ஒன்று மிச்சமிருக்கிறது.

சீலகாந்தைக் காலங்காலமாக மாறாத 'உயிருள்ள புதைபடிவம்' என்பதும் அரைகுறைதான். அதன் புரத மரபணுக்கள் மெதுவாக மாறுகின்றன, சரி, ஆனால் நின்றுவிடவில்லை. உருவமும் இருப்பிடமும்கூட எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை: டைனோசர் காலத்தில் ஆற்றில் வாழ்ந்த, பல மீட்டர் நீளமுள்ள மவ்சோனியா என்ற மீனும் இதே சீலகாந்த் கூட்டம்தானே?

என் பேத்தி அந்தப் படத்தை வெட்டி அறிவியல் நோட்டில் ஒட்டிவிட்டாள். அம்புக்குறியை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கிளை வரைந்து கொடுத்தேன். "பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா" என்கிறாள். அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டால் என் மானம் பிழைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.