ரெவ்2 சிந்தசைசர் வந்து சேர்ந்தது

அன்புள்ள ராஜி,

பெங்களூர் பார்சல் பத்திரமாக வந்தது. எதற்காக அனுப்பினாய் என்று அம்மா கேட்டாள். அறையில் இடம் போதவில்லையாம் என்று நானே சொல்லிவைத்தேன்.

நீ சேமித்திருந்த சத்தங்களை எல்லாம் வாசித்துப் பார்த்தேன். இழைந்து நீளமாக ஒலிக்கும் அந்த பேட் சத்தம் பிரமாதம். என் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரில் சத்தத்தை உண்டாக்கும் 6 ஆபரேட்டர், ஒவ்வொன்றின் என்வலப்புக்கும் (ஸ்வரம் எழுந்து அடங்கும் விதம்) 4 ரேட், 4 லெவல். அத்தனையையும் ஒரே ஸ்லைடரில் தள்ளியே அமைத்தவன் சொல்கிறேன், உனக்கு நல்ல காது.

ஆனால் மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் ஸ்வரம் ஒரே மாதிரிதான் எழுகிறது, ஒரே மாதிரிதான் அடங்குகிறது. வெலாசிட்டி, அதாவது கட்டையைத் தட்டும் வேகம், வால்யூமை மட்டும்தான் மாற்றுகிறது. ஒன்றால் இன்னொன்றை மாற்ற ரெவ்2-இல் 8 மாட் ஸ்லாட்டை வைத்துக்கொண்டு ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ஒன்றில் சோர்ஸ் (எது மாற்றுகிறது) வெலாசிட்டி, டெஸ்டினேஷன் (எது மாறுகிறது) ஆம்ப் என்வலப்பின் அட்டாக், அதாவது ஸ்வரம் முழுதாக எழ எடுக்கும் நேரம். அமவுண்டை மைனஸில் வை. பேனலில் அட்டாக்கை முதலில் கொஞ்சம் நீட்டிக்கொள், இல்லாவிட்டால் குறைக்க எதுவும் இருக்காது. மெல்லத் தொட்டால் இழைந்து வரும், ஓங்கினால் பளிச்சென்று விழும்.

அடுத்து நோட் நம்பரை, அதாவது எந்தக் கட்டை என்பதை, டிகேக்குக் (ஸ்வரம் அடங்கும் நேரம்) கொடு. அதுவும் மைனஸில். மேல் ஸ்தாயி போகப்போகச் சீக்கிரம் அடங்கும், பியானோவில் அப்படித்தானே. டிஎக்ஸ்7-இல் ரேட் ஸ்கேலிங் என்று 0 முதல் 7 வரை இருக்குமே, அதே வேலை. அப்புறம் மிக மெதுவாக ஏறி இறங்கும் ஒரு எல்எஃப்ஓ அலையை டிகேக்குப் போடு, தாளத்தோடு சிங்க் வேண்டாம். துளி போதும். கூடினால் குடித்துவிட்டு வாசித்த மாதிரி இருக்கும். முதல் இரண்டும் மைனஸ், மறக்காதே.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? பத்தாவது படிக்கும்போதே எனக்குப் பதில் மேடையேறியவள் நீ. போன வருஷம் அனுப்பிய பாட்டைத் தாம்பரம் மாமாவுக்கு இரண்டு தரம் போட்டுக் காட்டினேன். அத்தனை செய்கிறவளுக்குப் போன் எடுக்க மட்டும் நேரமில்லை.

இப்போது எதில் வாசிக்கிறாய்? வேலைக்குப் போய்வருகிறாயா, சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை.

உன்னுடைய எதையும் அழிக்கவில்லை. நான் மாற்றியவை நாலாவது யூசர் பேங்கில் இருக்கின்றன. அட்டாக்கைக் கவனி, மைனஸ்.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், வாடகைக்கு ஆகும். வேண்டாம் என்றால் அதைச் சொல்லவாவது போன் பண்ணு.

அப்பா